நன்றி சொன்ன வாய்

தென்காசியில் டி-சர்ட் அச்சடிக்கும் கடை வைத்திருக்கும் இசக்கிதுரைக்கு ராப் என்றால் உயிர். பள்ளிக்கூடத்தில் பெஞ்சைத் தட்டிப் பாடி அடி வாங்கியவன். வளர்ந்தும் வாய் அடங்கவில்லை. சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்கள் போட்டுப்போகும் ஷாம்பு பாக்கெட்டைப் பற்றிப் பாடினான். அதைப் பொறுக்கவும் ஆள் திரட்டினான். குளத்தில் மண் திருடுவதைப் பாடினான். கலெக்டரிடம் மனுவும் கொடுத்தான். அதுவரைக்கும் ஊர் சிரித்துக்கொண்டே கைதட்டியது.

பிறகுதான் கல்குவாரியைத் தொட்டான். அனுமதிச்சீட்டு இல்லாமல் மலையை ஏற்றிக்கொண்டு மாநில எல்லை தாண்டும் லாரிகளைப் பற்றிய பாட்டு. விவரம் கொடுத்தவர் அதே குவாரியில் லாரி ஓட்டும் சுடலைராஜ். பொண்டாட்டியிடம்கூட அவர் மூச்சு விடவில்லை. "என் பேரு மட்டும் வெளிய வரக்கூடாதுலே" என்று சொல்லியிருந்தார்.

துரையும் பாட்டில் சொல்லவில்லை. ஆனால் பாட்டு முடிந்து பீட் ஓடும்போதே, கூட நின்றவர்களுக்கெல்லாம் நன்றி சொல்வது ராப்காரர்களின் வழக்கம். பீட் போட்ட அபிக்கு நன்றி, கேமரா பிடித்த குமரகுருவுக்கு நன்றி, உண்மை சொன்ன சுடலைராஜ் அண்ணனுக்கு நன்றி. பழகிய வாய், ஒரே மூச்சில் கொட்டிவிட்டது. திரும்பத் திரும்பக் கேட்டும் உறைக்கவில்லை. நன்றியை யார் காது கொடுத்துக் கேட்கிறார்கள்? தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை அடுத்தவனை அல்லவா கெடுத்துவிட்டது!

காலையில் இணையத்தில் ஏற்றிய பாட்டின் கீழே மத்தியானம் ஒருவன் எழுதியிருந்தான்: "யாருலே அந்த சுடலைராஜ்?" துரைக்கு அப்போதுதான் உறைத்தது. பாட்டை அழித்தான், அதற்குள் ஊரே ஸ்டேட்டஸ் வைத்திருந்தது. சுடலைராஜின் போன் அணைந்து கிடந்தது. கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் கீழப்பாவூரில் அவர் வீட்டுக்குப் பைக்கை விரட்டினான். எதிரே வந்த ஒவ்வொரு லாரியிலும் அந்த முகத்தைத் தேடினான்.

வாசலுக்கு வந்த சுடலைராஜின் பொண்டாட்டி ஜெயசித்ராவுக்கு வாயெல்லாம் பல்.

"வாங்க தம்பி! பாட்டுல எங்க வீட்டுக்காரவுக பேரு வருதுல்லா!"

"அண்ணன் எங்க, மதினி?"

"லோடு எறக்கிட்டுத் திரும்பி வருதாவ. இப்பதான் கார்ல ரெண்டு பேரு வந்தாவ. பாட்டைக் கேட்டாவளாம், வழியிலேயே பார்த்துச் சால்வை போடணுமாம். எந்த ரோட்டுல வருதாவன்னு கேட்டாவ."

"சொல்லிட்டியளா?"

"சொல்லாம? குத்தாலம், மத்தளம்பாறை வழின்னு சொன்னேன். ஏன் தம்பி, இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

துரை ஓடிப்போய் பைக்கில் ஏறினான். வண்டியை மத்தளம்பாறைப் பக்கம் திருப்பினான்.

"காப்பி குடிச்சிட்டுப் போங்க தம்பி," என்று அவள் பின்னால் கூப்பிட்டாள். "அவுக இப்ப வந்துருவாவ."