சேத்தூர், ஆலங்குளம்: என் மகள் வைத்த இரண்டு மழைமானிகள்

இந்த இணையப் பக்கத்தில் இதுவரை எழுதியது என் மகள் எஸ்தர். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் ஆராய்ச்சிக்குப் போகிற பிள்ளைகள் இதைப் படித்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள் என்று அவளுடைய தோழி சொன்னாள். எஸ்தர் போன நவம்பரில் டெங்கு காய்ச்சலில் இறந்துவிட்டாள். அவள் போகவேண்டிய இடங்களுக்குப் பிப்ரவரியில் நான் போய் வந்தேன். நான் எட்டாம் வகுப்புதான். திருமங்கலத்தில் தையல் மிஷின் வைத்துப் பிழைக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உதவித்தொகை வாங்கி டாக்டர் பட்டத்துக்குப் படித்தாள். வறட்சிக்குக் கொடுக்கும் பயிர் இன்சூரன்ஸ்தான் அவள் பாடம். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். மழையை ஓரிடத்தில் அளக்கிறார்கள், அந்தக் கணக்குதான் சுற்றுவட்டத்துக்கெல்லாம். மலையை ஒட்டிப் பெய்யும்போது கிழக்கே கரிசலில் ஒரு சொட்டு விழாது. ஆனாலும் மழை பெய்ததாகத்தான் கணக்கு, இழப்பீடு வராது. இதைக் காட்டத்தான் எஸ்தர் சேத்தூரில் ஒன்று, ஆலங்குளத்தைத் தாண்டி ஒன்று என்று மழைமானி வைத்தாள். கோடு போட்ட பிளாஸ்டிக் குழாய், அவ்வளவுதான். சனிக்கிழமைதோறும் போய், நிற்கிற தண்ணீரை அளந்து எழுதிக்கொண்டு கொட்டிவிட்டு வருவாள்.

ஆனால் அவள் நினைத்தபடி வரவில்லை. ஆலங்குளத்துக் குழாயிலும் தண்ணீர் நின்றது. ஊர் மழை இல்லை என்கிறது, குழாய் இருக்கிறது என்கிறது. சாப்பிடும்போதுகூட அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் போனபிறகு அவளுடைய பேராசிரியர் வீட்டுக்கு வந்தார். வேலையை வேறொரு மாணவர் முடிப்பார், எஸ்தர் பெயரும் வரும் என்றார். "ஆலங்குளம் பக்கம் ஜனங்க இழப்பீட்டுக்காக மழை இல்லைன்னு சொல்றாங்கன்னுதான் எழுத வேண்டியிருக்கும்மா" என்றும் சொன்னார். அது எனக்குச் சரியாகப் படவில்லை. மழைமானிகளை நானே போய் எடுத்து வருகிறேன் என்றேன்.

திருமங்கலத்தில் காலை ஆறு மணிக்கு ராஜபாளையம் பஸ் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒன்றரை மணி நேரம். அங்கே இறங்கி டீ குடித்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எல்லாரும் பால்கோவா வாங்கிக்கொண்டிருந்தார்கள். எஸ்தர் வாரம் தவறாமல் கால் கிலோ கொண்டு வருவாள். நான் வாங்கவில்லை. அங்கிருந்து ராஜபாளையம் பன்னிரண்டு கிலோமீட்டர். பிறகு சேத்தூருக்கு டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை.

சேத்தூரில் மழைமானி அய்யாத்துரை அண்ணாச்சியின் பம்புசெட் மேல் இருந்தது. விஷயம் அவருக்கு முன்பே தெரியும். குழாயைக் கழுவித் துடைத்து, ஒரு துண்டில் சுற்றிக் கொடுத்தார்.

"ஒரு நா இதக் கீழ வச்சிருந்தேன் தாயி, நாய் வந்து குடிச்சிருச்சு. பிள்ளைட்ட சொன்னேன். அதையும் எழுதிக்கிச்சு" என்றார். சிரித்தார். பிறகு வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ராஜபாளையம் திரும்பி, ஆலங்குளத்துக்கு ஆட்டோ பேசினேன். பஸ் உண்டு, ஆனால் நான் போகவேண்டிய ஊருக்கு இறங்கி நடக்கவேண்டும். போகவர, காத்திருக்க எழுநூறு ரூபாய். டிரைவர் கண்ணன் வாய் ஓயாதவர்.

"அங்க என்னக்கா இருக்கு? சிமெண்ட் பேக்டரியும் புழுதியும்தான். சொந்தக்காரவியளா?"

"இல்ல. ஒரு குப்பி எடுக்கணும்."

"குப்பிக்கு எழுநூறா? ராஜபாளையத்துலயே ஒண்ணு வாங்கித் தந்திருப்பேனே."

சுண்ணாம்புக்கல் லாரிகள் தாண்டியதும் கரிசல் காடு வந்தது. மக்காச்சோளத் தட்டை முழங்கால் உயரத்திலேயே காய்ந்து நின்றது. மண்ணில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு.

இரண்டாவது மழைமானி இருந்த வீட்டுக்காரர் பேச்சியம்மாள் வாசலில் நின்றார். என் வயதுதான் இருக்கும். எஸ்தரோட அம்மா வாரேன் என்று முந்தின நாள் போனில் சொல்லியிருந்தேன். மற்றதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை.

"பிள்ள எங்கக்கா? பொறவு வருதா?"

சொன்னேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். கண்ணன் எங்களைப் பார்க்காமல் இருக்க முற்றத்துக்குப் போய், அங்கே கம்பத்தில் கட்டியிருந்த மழைமானியைப் பார்த்தார்.

"என்னக்கா இது, தண்ணி நிக்கி? இங்க எப்ப மழ பேஞ்சிச்சு?"

"மழையா? கார்த்திகைக்கு அப்புறம் மானத்துல மேகத்தையே காணும்" என்றார் பேச்சியம்மாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "பிள்ளையும் வரும்னு நெனச்சேன். காலையில நாந்தான் ஊத்துனேன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "எதுக்கு ஊத்துனீங்க?"

"அம்புட்டு வெயில்ல பஸ்ஸ விட்டு எறங்கி நடந்து வரும். வந்ததும் குப்பியத்தான் பாக்கும். மொத ரெண்டு வாட்டி வெறுங்குப்பியப் பாத்துட்டு மொகம் சுண்டிப்போச்சு. படிக்கிற பிள்ள, வெறுங்கையோட போகுதேன்னு அடுத்த வாரத்துலருந்து ரெண்டு மடக்கு ஊத்தி வச்சிருவேன்."

"எல்லா வாரமுமா?"

"ஒரு வாரம்கூட விடலக்கா."

அதைப் பெருமையாகத்தான் சொன்னார். எஸ்தர் எதிர்பார்த்ததே வெறுங்குழாயைத்தான், அவள் முகம் சுண்டியது காய்ந்த பயிரைப் பார்த்துத்தான் இருக்கும். நான் எழுந்து ஆட்டோ பக்கம் போய்ப் பேராசிரியருக்குப் போன் செய்தேன். சொல்லாமல் வந்துவிடலாம் என்றும் தோன்றியது, அதை உங்களிடம் மறைக்கவில்லை. சொன்னால் எஸ்தர் அங்கே அலைந்த வாரமெல்லாம் வீண். சொல்லாவிட்டால் இந்த ஊர் பொய் சொன்னதாக அச்சில் வரும், அதில் என் மகள் பெயரும் இருக்கும்.

அவர் முழுவதும் கேட்டார். "அப்ப ஆலங்குளம் கணக்கு மொத்தமும் எடுத்துரணுமேம்மா. எஸ்தர் உழைப்புல பாதி அது" என்றார்.

"எடுத்துருங்க சார்" என்றேன். குழாயை அங்கேயே விட்டுவிட்டு வரட்டுமா, புது மாணவர் முதலிலிருந்து அளக்கட்டும் என்று கேட்டேன். சரி என்றார்.

பேச்சியம்மாளிடம் பக்குவமாகத்தான் சொன்னேன். அப்படியும் அவர் முகம் கறுத்துவிட்டது.

"நான் ஊத்துனதால எங்களுக்கே மழ பேஞ்சதா ஆயிருக்குமா?"

"ஆமா."

"பிள்ள ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லக்கா."

"உங்க மேல சந்தேகப்பட்டிருக்க மாட்டா."

அவர் எழுந்துபோய்க் குழாயைக் கவிழ்த்தார். மண் சத்தமில்லாமல் குடித்துவிட்டது. "இனிமே யாரு வருவா?"

"ஒரு பையன்."

"வெறுங்குப்பியப் பாத்து அவன் மொகம் சுண்டுனா?"

"சுண்டட்டும். மோர் குடுத்து அனுப்புங்க."

கண்ணன்தான் முதலில் சிரித்தார். எங்களுக்கும் வந்துவிட்டது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காலையிலேயே கிளம்புங்கள், பதினொரு மணிக்கு மேல் கரிசலில் நிற்க முடியாது. இரண்டு லிட்டர் தண்ணீர் கொண்டு போங்கள். அந்த ஊரில் குழாய்த் தண்ணீர் தினமும் வராது, ஆனாலும் கேட்டால் உள்ளதைக் கொடுத்துவிடுவார்கள். திரும்ப ஆட்டோ கிடைக்காது, காத்திருக்கச் சொல்லியே பேசுங்கள். இன்னொன்று, அளக்கும்போது எதைப் பார்த்தாலும் முகத்தில் காட்டாதீர்கள். அதைப் பார்த்து அவர்கள் எதையாவது கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள்.

பேச்சியம்மாள் இப்போது சனிக்கிழமைதோறும் எனக்குப் போன் செய்கிறார். போன வாரமும் வந்தது.

"அக்கா, ஒண்ணுமில்ல. காஞ்சு கெடக்கு."

"சரி பேச்சி, சொல்லிருதேன்" என்றேன். புது மாணவருக்கு அப்படியே சொன்னேன்.