மூணேகால் அங்குலக் கொலுசு

“காலளவு மூணேகால். கொறை மாசம். கொக்கி சின்னதாப் போடணும்.”

தினசரிக் காலண்டரில் கிழித்த ஒரு தாளின் பின்பக்கத்தில், நீல மையில், இப்படி எழுதியிருக்கிறது. முன்பக்கத்தில் உள்ள தேதி மார்ச் 18. ஆனால் முந்தின நாள் தாளைக் கிழித்து அதில்தான் எல்லோரும் குறிப்பெழுதுவார்கள் என்பதால், சீட்டு எழுதப்பட்டது 19ஆம் தேதி என்று கொள்ள வேண்டும். என் நாட்குறிப்பும் அதையே சொல்கிறது: “19, காலை. கொலுசுப் பட்டறை. அளவு கொடுத்தேன். ஒரு பொய்யும் சொன்னேன்.” இது சென்ற ஆண்டு.

கொலுசு ஒரு பொம்மைக்கு. அதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

பந்து மூட்டுப் பொம்மை என்று நான் சொல்வது பிள்ளைகள் விளையாடும் பொம்மையை அல்ல. ரெசின் என்ற கெட்டிப் பிசினில் வார்த்த, உள்ளே வெற்றாக இருக்கும் தலை, உடம்பு, கை, கால். ஒவ்வொரு மூட்டிலும் ஓர் உருண்டை. தலையிலிருந்து பாதம் வரை உள்ளே ஓடும் எலாஸ்டிக் கயிறுதான் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்திருக்கிறது. அந்த இழுப்பில் அது நிற்கும், உட்காரும், கன்னத்தில் கை ஊன்றும். என்னிடம் மூன்று இருக்கின்றன. நிற்க வைத்தால் என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரும். இதில் ஈடுபட்டவர்கள் எல்லோரும் பெயர் வைக்கிறார்கள். நான் வைக்கவில்லை. வந்த வரிசையில் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது.

வரும்போது முகத்தில் ஒன்றும் இருக்காது. புருவம் இல்லை, இமை இல்லை, கண் இருக்கும் இடத்தில் இரண்டு ஓட்டை. அதுதான் எனக்குப் பிடித்தது. வார்ப்பு ஒட்டிய தழும்பை ஈரமாக்கிய உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும். தூள் மூச்சில் போகக் கூடாது. பிறகு வண்ணக்கட்டியைச் சுரண்டிய பொடியைத் தூரிகையால் தொட்டுத் தொட்டுக் கன்னத்திலும் உதட்டிலும் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு பூச்சுக்கும் மேலே ஒரு ஸ்ப்ரே. காற்றில் ஈரம் இருந்தால் ஸ்ப்ரே வெளுத்து முகம் முழுக்கச் சாம்பல் படிந்துவிடும். அதனால் சேலத்தில் எந்தெந்த நாள் மேகம், எந்த நாள் வறண்ட காற்று என்பது என்னிடம் எழுத்தில் இருக்கிறது. ரெசின் வெயிலில் மஞ்சளாகும். ஜன்னல் திரை ஆண்டு முழுக்க மூடியிருக்கும். எலாஸ்டிக் மாற்றிய தேதிகள் தனி ஏட்டில். முப்பத்து மூன்று வருடம் ஓர் அலுவலகத்தின் பழைய கோப்புகளுக்குப் பொறுப்பாக இருந்தவனுக்கு இது இயல்பான வேலை.

புருவத்தை ஒரு மயிரிழை உயர்த்தினால் முகம் கேள்வி கேட்கும். தாழ்த்தினால் எதையோ சொல்லாமல் விட்டது போல இருக்கும். பிடிக்கவில்லை என்றால் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். வேறு எந்த முகத்திலும் இது நடக்காது.

சூரமங்கலத்தில் மாடி வீடு. எனக்குக் குடும்பம் இல்லை, அமையவில்லை. மாலையில் ஜங்ஷன் வரை நடந்துவிட்டு வந்து கதவைத் திறந்தால், நான் எப்படி உட்கார வைத்துவிட்டுப் போனேனோ அப்படியே இருக்கும். அதில் ஒரு ஆறுதல் உண்டு. கொஞ்ச நேரம் கழித்து அதுவே கஷ்டமாகவும் இருக்கும். இவற்றைக் குழந்தைகளாக நான் நினைத்ததில்லை. கேட்பவர்கள் அப்படித்தான் முடிவு செய்கிறார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

போனில் இதற்கென்று ஒரு குழு இருக்கிறது. வெவ்வேறு ஊர்க்காரர்கள். என் படத்தை நான் போட்டதில்லை. பொம்மையின் கைகளை மட்டும் பார்த்துவிட்டு, “அக்கா, எப்படி இவ்வளவு நேர்த்தியா நகத்துக்குப் பாலிஷ் போடறீங்க?” என்று ஒரு பெண் கேட்டாள். அன்றிலிருந்து அங்கே நான் அக்கா. திருத்தவில்லை. அடுத்தவர் தாமாக ஒன்றை நினைத்துக்கொண்டால் அதைத் திருத்தாமல் விடுவது என் குணம். பிறகு நடந்ததற்கும் அதுதான் காரணம்.

மூன்றாவது பிப்ரவரியில் வந்தது. வெறுங்காலோடு நிற்க, பாதத்தின் எலும்பும் விரலும் தெரியும்படி வார்த்த பொம்மை. கொலுசு செய்கிற ஊரில் இருந்துகொண்டு அந்தக் காலை வெறுமையாக விட மனம் வரவில்லை. கணுக்காலில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டு, கடைவீதியில் ஒரு பெரிய கடைக்கு எடுத்துப்போனேன். “பொம்மைக்குங்க” என்று உண்மையைச் சொன்னேன். விற்பனைப் பையன் நூலைத் தூக்கிப் பிடித்துப் பக்கத்து ஆளிடம், “டேய், பொம்மை நடந்தா சத்தம் கேக்கணுமாம்” என்றான். கடை முழுக்கச் சிரிப்பு. நானும் கொஞ்சம் சிரித்துவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள்தான் மார்ச் 19. சிவதாபுரம் பக்கம், வீட்டின் முன்னறையையே பட்டறையாக வைத்திருந்த ஓர் அம்மாவிடம் போனேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவரும் அவர் மகளும் பலகையைச் சுற்றி உட்கார்ந்து வெள்ளிக் கண்ணிகளைத் தீயில் உருக்கிப் பற்ற வைத்து இணைத்துக்கொண்டிருந்தார்கள்.

“உள்ள வாங்க சார், வெய்யல்ல நிக்காதீங்க. பேத்திக்குங்களா?”

நேற்றைய சிரிப்பு காதில் இருந்தது. “ஆமாங்க” என்றேன்.

நூலை ஸ்கேலில் வைத்துப் பார்த்தார். முகம் மாறியது. “என்னங்க சார், எலிக்குஞ்சு காலாட்டம் இருக்குது!”

“நூலைத் தப்பாப் புடிச்சிருப்பாரும்மா” என்றாள் மகள்.

“இல்லடி. கொறை மாசமுங்களா?”

“ஆமாங்க.”

அவர் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டார். “பயப்படாதீங்க சார். இவளும் ஏழு மாசத்துல பொறந்தவதான். ஆஸ்பத்திரில கண்ணாடிப் பெட்டிக்குள்ள நாப்பது நாளு கெடந்தா. உள்ளங்கையில அடங்குவா. இப்பப் பாருங்க, இவ ஏறுனா ஆட்டோக்காரன் வேற ஆளு ஏத்த மாட்டேங்கறான்.”

“வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் இதையே சொல்லு. போர்டு எழுதி வாசல்ல மாட்டிரு” என்றாள் மகள்.

மார்ச் 27 அன்று வாங்கப் போனேன். அளவு எழுதிய அந்தச் சீட்டிலேயே சுற்றிக் கொடுத்தார். சலங்கை இல்லாமல் செய்திருந்தார். “பிஞ்சுத் தோலுங்க, உறுத்தும். உள்பக்கம் வெரல் வெச்சுப் பாருங்க, எங்கயாச்சும் பிசிறு இருக்குதான்னு.” இல்லை. உள்பக்கத்தை வெளிப்பக்கத்தைவிட வழவழப்பாக மெருகேற்றியிருந்தார். வீட்டில் பொம்மைக்குப் போட்டேன், அளவு கச்சிதம். அந்த வழவழப்பு மட்டும் வேறு யாருக்கோ உரியது என்று தோன்றியது.

அதோடு நின்றிருக்கலாம். ஏப்ரல் 9: கொக்கி தளர்ந்ததாகச் சொல்லிப் போனேன். ஏப்ரல் 26: மெருகு. மே 14: காரணமே இல்லை. வாசலில் என்னைக் கண்டதும், “வாங்கண்ணா, பாப்பா எப்படி இருக்குது?” என்பார். சாராக இருந்தவன் மூன்றாவது தடவையில் அண்ணா ஆகியிருந்தேன். டீ வரும். எடை என்ன என்று கேட்டபோது, “ஒன்றே முக்கால் கிலோ” என்றேன். அது பொம்மையின் எடை. தராசில் நிறுத்துக் குறித்து வைத்தது. எண்களில் பொய் சொல்ல எனக்கு வராது. மற்றவற்றில் வந்தது.

கண்ணாடிப் பெட்டியில் இருப்பதாக நான் சொல்லிவந்த குழந்தை, கணக்குப்படி மே மாதமே வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். நான் கொண்டுவரவில்லை. வீடு சேர்ந்துவிட்டால் விசாரிக்க ஒன்றும் இருக்காது. பெட்டிக்குள் இருக்கிற வரைதான் கேட்பார்கள். ஆகவே ஜூன் 2ஆம் தேதி, மறுபடி மூச்சுத் திணறல் என்று சொன்னேன். அவர் கண் கலங்கியது. நான் டீயைக் குடித்து முடித்தேன்.

ஜூன் 21 அன்று அவர் சந்தோஷமாக இருந்தார். “அண்ணா, ஆடியில நம்ம மாரியாத்தாளுக்குப் பூ மிதிக்கறேன்னு வேண்டிக்கிட்டேன். பாப்பா தேறிரும் பாருங்க.”

தீக்குழியில் இறங்கி நடப்பதைத்தான் பூ மிதிப்பது என்பார்கள். அந்த அம்மாவுக்குச் சர்க்கரை. இடது காலில் சுண்டுவிரலை ஏற்கெனவே எடுத்தாயிற்று. அந்த இடத்தில் எப்போதும் ஒரு கட்டு இருக்கும்.

மகள் பற்ற வைப்பதை நிறுத்தினாள். “வீட்டுக்குள்ளயே செருப்பில்லாம நடக்கக் கூடாதுங்கறாரு டாக்டரு. இது தீயில எறங்குதாம்.”

“எனக்குத்தான் பாதத்துல உணர்ச்சியே இல்லயேடி. சுடாது.”

“சுடாது. வெந்துரும்.”

அம்மா மட்டும் சிரித்தார்.

ஜூன் 22ஆம் தேதிக் குறிப்பு: “நாளை சொல்ல வேண்டும்.” 23: “நாளை.” 26, 30, ஜூலை 5, 11 ஆகிய தேதிகளிலும் அதே சொல். இடையில் மூன்று நாள் இரண்டாவது பொம்மையின் முகத்தைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசியிருக்கிறேன். ஆனிக் காற்றில் ஈரம் என்று தெரிந்தும். சாம்பல் படிந்தது. அதையும் எழுதியிருக்கிறேன்.

ஜூலை 24 அன்று மூன்றாவதைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினேன். தெரு முனையில் வேப்பிலை கட்டியிருந்தார்கள். அம்மாவின் வலது மணிக்கட்டில் மஞ்சள் துண்டு முடிந்த கயிறு, நிறம் மங்காமல் இருந்தது. முந்தின நாள் காப்புக் கட்டியிருக்கிறார்கள்; கட்டிவிட்டால் வேண்டுதலிலிருந்து பின்வாங்கக் கூடாது. ஒரு நாள் தாமதம்.

“எனக்குப் பேத்தி இல்லீங்க” என்றேன். பேருந்தில் ஐந்தாறு விதமாகச் சொல்லிப் பார்த்ததில் இதுதான் சின்னது. “மகனும் இல்லை, மகளும் இல்லை. கொலுசு இதுக்குத்தான்.”

துண்டைப் பிரித்தேன். அவர் வாங்கினார். ஒரு கை பிடரியின் அடியில், ஒரு கை முதுகில். பச்சைக் குழந்தையை வாங்குகிற மாதிரி. பிறகு கொலுசு இருந்த பாதத்தைத் தொட்டார். மூட்டு வழுக்கி, பாதம் முழுவதுமாகப் பின்பக்கம் திரும்பிவிட்டது. அதைப் பலகையில் வைத்தார்.

“கொலுசு சரியாத்தான் உக்காந்திருக்குது” என்றார். பிறகு, “கண்ணாடிப் பெட்டின்னது?”

“பொய்ங்க.”

“மூச்சுத் திணறுச்சுன்னது?”

“பொய்ங்க.”

“எதுக்குங்க?”

“நீங்க கேட்டீங்க. வேற யாரும் என்னை எதுவும் கேக்கறதில்லை.” எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. ஆனால் நான் சொன்னது அதுதான்.

மகள் எழுந்துவிட்டாள். “உங்க பொம்மைக்கு எங்கம்மா தீ மிதிக்கணுமா? இத்தன நாளு இங்க உக்காந்து டீ குடிச்சீங்களே, நெஞ்சுல எறங்குச்சா?”

“அதனாலதான் வந்தேன். மிதிக்க வேண்டாங்க. குழந்தையே இல்லைன்னு ஆச்சு. வேண்டுதல் செல்லாது.”

அம்மா கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “காப்புக் கட்டியாச்சுங்க சார். நீங்க இல்லாத புள்ளையச் சொன்னீங்க. நான் இருக்கற சாமிகிட்டச் சொல்லிட்டேன். அதை நான் எப்படிங்க திருப்பி வாங்கறது?”

மறுபடி சார் ஆகியிருந்தேன். ஒவ்வொரு விதமாகவும் கேட்டுப் பார்த்தேன். டாக்டர், புண், போன விரல். அவர் வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார். மகள்தான் பொம்மையைத் துண்டோடு அள்ளிப் பையில் திணித்து வாசல் வரை வந்து கொடுத்தாள். “இந்தத் தெருப் பக்கம் வந்துறாதீங்க.” திட்டுகிற குரல் இல்லை. அழுதுகொண்டிருந்தாள்.

பேருந்து நிறுத்தத்தில் பையைத் திறந்து, முறுக்கிக் கிடந்த கால்களை நேராக்கினேன். நின்றிருந்தவர்கள் பார்த்தார்கள். அன்று எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு மூன்றாவதைத் தொடவில்லை. எலாஸ்டிக் தளர்ந்து தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. குழுவில் ஒருமுறை, “அக்கா, ரொம்ப நாளாப் படமே காணோம்?” என்று கேட்டிருந்தார்கள். நான் அக்கா இல்லை, அறுபத்தொரு வயது ஆண் என்று பதில் எழுதினேன். இரண்டு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். பிறகு பேச்சு வேறு எதற்கோ போய்விட்டது.

பூ மிதிக்கும் நாளன்று அந்தக் கோயிலுக்குப் போனேன். தெருவுக்கு வரக் கூடாது என்றுதானே சொன்னாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கயிறு கட்டித் தடுத்திருந்தார்கள். எனக்கு முன்னால் பத்து வரிசை ஜனம். மஞ்சள் சேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. எல்லாம் முதுகுப்பக்கம், எல்லாம் ஈரக்கூந்தல், நடுவில் புகை. இடது காலைச் சாய்த்து நடந்த ஒருவரைப் பார்த்தேன். தீயைத் தாண்டியபின் பலரும் அப்படித்தான் நடந்தார்கள். கூட்டம் கலைந்ததும் தேடினேன்; அம்மா, மகள் இருவரையும் காணவில்லை.

பிறகு விசாரித்ததில் இரண்டு தகவல்கள் கிடைத்தன. நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருப்பவர், “எறங்குனாங்க, நான் கண்ணால பாத்தேன்” என்றார். எந்தக் காலில் கட்டு என்று கேட்டதற்கு, வலது என்றார். கோயில் வாசலில் பூ விற்கும் பெண், முந்தின நாளே மகள் அம்மாவை ஆட்டோவில் ஏற்றி வாழப்பாடியில் சொந்தக்காரர் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டதாகச் சொன்னார். அவர் நேரில் பார்க்கவில்லை, கேள்விப்பட்டதுதான். யார் யார் இறங்கினார்கள் என்று பதிவு எதுவும் வைப்பதில்லை என்று பூசாரி சொல்லிவிட்டார். பட்டறைக்குப் போய்க் கேட்க எனக்குத் துணிவில்லை.

இரண்டையும் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். அந்த அம்மா தீயில் இறங்கினாரா, இறங்கியிருந்தால் அந்தக் கால் என்ன ஆயிற்று என்பதை இதை எழுதும் நாள் வரை உறுதி செய்ய முடியவில்லை.