"பொண்ணு வேலைக்கே போகாது தம்பி!"

போன வாரம் வியாழக்கிழமை காலை. முகப்பேரில் எங்கள் அபார்ட்மெண்ட் மொட்டை மாடி. நான் குப்புறப் படுத்து, புஜங்காசனம் என்ற பெயரில் ஏதோ செய்துகொண்டிருந்தேன். வழக்கமாக "மேடம், முட்டி மடங்குது!" என்று அதட்டும் எங்கள் யோகா டீச்சர் பரிமளாவிடமிருந்து சத்தமே இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்தால்... கையில் ஃபோனோடு அப்படியே நிற்கிறாள்.

பரிமளாவுக்கு நூம்பலில் வீடு. முப்பதைத் தாண்டியவள். கல்யாணம் ஆகவில்லை. அது அவள் கவலை இல்லை, தெருவின் கவலை! அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலம் இப்போது வீட்டுமனைகள். விடியற்காலையில் ஸ்கூட்டரில் கிளம்பி முகப்பேர், அம்பத்தூர் என்று அபார்ட்மெண்ட் அபார்ட்மெண்டாக வகுப்பு எடுக்கிறாள். பல வருடங்களாக.

நம் நாடு ஒரு வெளிநாட்டோடு வர்த்தக ஒப்பந்தம் போட்டிருக்கிறது. எந்த நாடு என்று கேட்காதீர்கள். விசா கைக்கு வரும்வரை கண் படக்கூடாது. துணி, தோல் சாமான்களோடு அதில் மனுஷர்களுக்கும் கொஞ்சம் இடம் இருக்கிறது. நம் சமையல்காரர்கள், யோகா டீச்சர்கள் போன்றவர்கள் அங்கே தற்காலிகமாகப் போய் வேலை பார்த்துவிட்டு வரலாம். அங்கிருந்து ஒருவர் வேலை தர வேண்டும். தொழிலில் அனுபவம் உண்டு என்று இவர்கள் காட்ட வேண்டும். பிறகுதான் விசாவுக்கு விண்ணப்பம். பரிமளாவுக்கு அங்கே ஒரு யோகா மையம் வேலை தர ஒப்புக்கொண்டிருந்தது.

அன்று மாடியில் அவள் ஃபோனில் பார்த்த மெயில் அந்த மையத்திடமிருந்துதான். நாங்கள் அனுப்பிய ஆள் உங்கள் வீட்டருகே விசாரித்தார், நீங்கள் எந்த வேலைக்கும் போவதில்லை என்கிறார்கள், இதற்கு என்ன விளக்கம்? திருப்தியாக இல்லையென்றால் வேலை வேறொருவருக்கு.

வேலை போனால் விசாவும் போச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் அந்தப் புண்ணியவதி? அன்று சாயங்காலமே பரிமளாவின் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு நூம்பலுக்குப் போனேன்.

புண்ணியவதி, எதிர்வீட்டு வசந்தா அக்கா. ஒளிக்கவே இல்லை. பெருமையாகச் சொன்னார்.

"ஆமாம்மா, ஒரு தம்பி பைக்ல வந்துச்சு. பரிமளா எப்டி, இன்னா பண்ணுதுன்னு கேட்டுச்சு. எனுக்குத் தெரியாதா? மாப்ள ஊட்லேர்ந்து விசாரிக்க வந்துகீறாங்கன்னு புரிஞ்சிகினேன். நல்லபடியா சொல்லி வுட்டேன். தங்கமான பொண்ணு தம்பி, வேலைக்கே போகாது, வெளிய சுத்தாது. ஊடு உண்டு, கோயில் உண்டு. ஆம்பளைங்களை நிமுந்துகூடப் பாக்காதுன்னேன். இன்னா, தப்பா?"

கோயிலா? பரிமளா தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அப்பறம் இன்னான்னு சொல்றது? ஆம்பளைங்களுக்கும் சேத்து குனி, நிமிருன்னு சொல்லிக் குடுக்குதுன்னா எவன் பொண்ணு கேட்டு வருவான்? அதான் காலைல கோயிலுக்குப் போவுதுன்னு தெருவுல சொல்லி வெச்சேன்."

ஆக, வசந்தா அக்கா பொய்யே சொல்லவில்லை. காதில் விழுந்ததை அன்போடு ஒப்பித்திருக்கிறார்!

நம் ஊரில் ஒரு பெண்ணை எப்படிப் பாராட்டுகிறோம், கவனித்திருக்கிறீர்களா? வெளியே போக மாட்டாள், அதிர்ந்து பேச மாட்டாள், எதிர்த்துக் கேட்க மாட்டாள்... எல்லாமே 'மாட்டாள்'! அவள் என்ன செய்வாள் என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? சம்பந்தம் பேச வருகிறவருக்கு இது நற்சான்றிதழ். சம்பளம் கொடுக்க வருகிறவர் என்ன செய்வார்? ஓடிவிடுவார்.

விண்ணப்பத்துக்கு உதவும் ஏஜென்ட் ஃபோனில் சுலபமாக வழி சொன்னார். "ஒரு கம்பெனி லெட்டர் ரெடி பண்ணிடலாங்க. எதிர்வீட்டு அம்மாவுக்கு மறதின்னு எழுதிடலாம். முடிஞ்சுது."

பரிமளாவுக்கு வந்ததே கோபம்! "நெஜமா செஞ்ச வேலைக்கு நான் எதுக்கு சார் பொய் லெட்டர் குடுக்கணும்? அந்த அக்காவுக்கு இன்னா மறதி? நாங்க சொன்னதைத்தானே அவங்க சொன்னாங்க?"

ஃபோனை வைத்துவிட்டு, மையத்துக்கு அவளே பதில் எழுதினாள். அக்கம்பக்கத்துக்கு என் வேலை தெரியாது, தெரியவிடாமல் வைத்தது எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை அதே ஆளை அதே தெருவுக்கு அனுப்புங்கள்.

ஞாயிறு வகுப்பு நூம்பலுக்கு மாறியது. அவள் வீட்டு வாசலில், நடுத்தெருவில் பாய் விரித்தோம். ரிட்டயர்ட் பேங்க் மேனேஜர், ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்து ஒரு தம்பதி, அம்பத்தூர்க்காரர்கள், அப்புறம் நான். ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தது. உள்ளேயிருந்து அம்மாவின் குரல்: "மானம் போவுதுடி!"

பரிமளா திரும்பவில்லை. "மூச்சை நல்லா உள்ள இழுங்க!" என்றாள் எங்களிடம்.

பைக்கில் வந்த பையன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் பார்த்துக்கொண்டே நின்றான். வசந்தா அக்காவே அவனிடம் போனார்.

"தம்பி, அன்னிக்கி நான் கல்யாண விஷயம்னு நெனச்சிகினேன். அது கெடக்கட்டும். இத்தினி பேரை ஒத்த ஆளா ஆட்டி வெக்கிது பாரு! இத்த எழுதிக்கோ."

எழுதிக்கொண்டான். வீடியோ எடுத்தான். எங்களையும் விசாரித்தான். கேட்காத கேள்விக்கும் நான் பதில் சொன்னேன் என்று பரிமளா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நேற்று மையம் வேலையை உறுதி செய்துவிட்டது. விசா விண்ணப்பமும் போய்விட்டது. கிடைக்குமா? தெரியாது. ஆனால் கொடுத்தாலும் மறுத்தாலும், அவள் செய்கிற வேலையைப் பார்த்து முடிவு செய்யட்டும். அதுதான் அவள் கேட்டது.

அம்மாவுக்குத்தான் கவலை தீரவில்லை. "நாளைக்கு யாராச்சும் கேட்டா நான் இன்னான்னுடி சொல்றது?"

"வேலைக்குப் போவுதுன்னு சொல்லும்மா. சத்தமா சொல்லு."

இன்று காலை அவள் ஸ்கூட்டரை எடுக்கும்போது யாரோ கேட்டிருக்கிறார்கள். அம்மா சொல்லியிருக்கிறார். தெருமுனை வரை கேட்டதாம்!