சவுக்குத் தோப்பில் ஒரு போர்ச்சுகீசியச் சாப்பாடு

கிணற்றடியில் ஒரு வெள்ளைப் பீங்கான் தொட்டி. தண்ணீருக்கடியில் ஆறு துண்டு மீன், ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம். மச்சினனின் கடையை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது அதுதான். நானும் என் மனைவியும் அங்கே போய்ச் சேர்ந்தபோது அவன் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். அக்காவைப் பார்த்ததும் எழுந்தான். என்னைப் பார்த்ததும் மறுபடியும் குந்திக்கொண்டான்.

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவில் கடற்கரைச் சாலையை விட்டு மேற்கே திரும்பினால் ஒன்றரை கிலோமீட்டர் மண் பாதை, முப்பத்தொரு பள்ளம். பதினான்காவது மின்கம்பத்துக்கு இடப்பக்கம் சவுக்குத் தோப்பு. அதற்குள் ஓட்டுக் கூரை, ஐந்து மேசை, ஒரு விறகு அடுப்பு. வருகிறவர்கள் மூன்று நாள் முன்னதாக எத்தனை பேர் என்று போனில் சொல்லிவிட வேண்டும். சோறு விற்கிறவன் கடையை ஒளித்து வைப்பதில் என்ன பெருமை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் சென்னையிலிருந்து கார்களில் வருகிறார்கள். அன்று பக்கத்து மேசையில் நான்கு பேர் ரொட்டியை மட்டும் ஏழு முறை படம் எடுத்தார்கள்.

மச்சினன் என் மனைவியின் ஒரே தம்பி. படாளத்தில் பிறந்து, சமையல்காரனாகக் கப்பலேறி, லிஸ்பன் நகரத்தில் இறங்கி, இருபத்திரண்டு ஆண்டுகள் அந்த ஊர்க்காரர்களுக்கே அவர்களுடைய சாப்பாட்டைச் சமைத்துப் போட்டவன். திரும்பி வந்து ஆறு ஆண்டு ஆகியும் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அதற்குக் காரணம் நான்தான் என்பது இரண்டு குடும்பத்துக்கும் தெரியும்.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் என் மாமியார் படாளத்தில் இறந்தார். செய்தி கேட்டதும் அவன் லிஸ்பனிலிருந்து விமானம் ஏறினான். மறுநாள் மாலை ஆறரைக்குச் சென்னையில் இறங்குவான், இருட்டுவதற்குள் ஊர் வந்து சேர முடியாது என்று நான் கணக்குப் போட்டேன். கல்பாக்கத்தில் முப்பத்துநான்கு ஆண்டுகள், ஊழியர்களின் சட்டையில் குத்தியிருக்கும் கதிர்வீச்சு பேட்ஜுகளைச் சேகரித்து ஒவ்வொன்றின் அளவையும் குறித்து வைத்தவன் நான். என் கணக்கை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. பொழுது சாய்ந்தபின் எரிப்பது மாமியார் வீட்டு வழக்கம் இல்லை. ஆகவே ஐந்து இருபதுக்கு, மகன் வைக்க வேண்டிய கொள்ளியைச் சித்தப்பா மகன் வைத்தான். மச்சினன் எட்டு மணி பத்து நிமிடத்துக்கு வந்து இறங்கினான். நேராகச் சுடுகாட்டுக்குப் போனவன், திரும்பி வந்து என் சட்டையைப் பிடித்தான். என் மனைவி நடுவில் விழுந்து, "அவர் மேல தப்பு இல்லடா, அம்மாவ வெச்சிருந்த வாடக ஐஸ் பொட்டிய ஆறு மணிக்கு எடுத்துக்குவோம்னுட்டாங்கடா" என்று அவனைத் தள்ளிவிட்டாள். சாவு வீட்டில் அக்கா தன்னைத் தள்ளியதை அவன் மறக்கவில்லை. அதோடு பேச்சு நின்றது.

போன ஆண்டு அவளுக்கு இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நான்காம் நாள், "அவன் கையால ஒரு வேளை சாப்டணும், அவன் நம்ம வூட்டுக்கு வரணும், வேற ஒண்ணும் கேக்கல" என்றாள். அவளே போன் செய்தாள். வரச் சொன்னான். "அந்த ஆளும் வரட்டும்" என்றானாம்.

முதலில் ரொட்டி, பச்சை ஆலிவ் காய். பிறகு முட்டைக்கோஸின் வெளி இலையை மயிரிழையாக அரிந்து போட்ட உருளைக்கிழங்கு சூப். அதன்பின் ஒரு மண்சட்டியில் அந்த மீன்: கிழங்கு, வெங்காயம், வெந்த முட்டை, மேலே ஒரு விரல் உயரத்துக்கு ஆலிவ் எண்ணெய். மனைவிக்கு அவனே பரிமாறினான். கரண்டியை என் பக்கம் திருப்பி வைத்தான், நானே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று. நான் ஆலிவ் கொட்டைகளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்திருந்தேன்.

"இன்னா மாமா, எண்ணிகினு கீறியா?" என்றான். முன்பு என்னை 'நீங்க' என்றுதான் சொல்வான்.

"ஒன்பது," என்றேன். "இந்தக் கருவாட்டுக்கா சென்னையிலருந்து வராங்க?"

"கருவாடு இல்ல இது. கருவாடுன்னா கழுவிட்டு அன்னிக்கே கொழம்புல போட்டுடலாம். இத்த ரெண்டு நாள் ஊற வெக்கணும். எட்டு வாட்டி தண்ணி மாத்தணும். அவசரப்பட்டா ஒரே உப்பு, வாயில வெக்க முடியாது." அக்காவின் தட்டில் இன்னொரு கரண்டி எண்ணெய் விட்டான். "ஒரு ராத்திரி பொறுக்க முடியாத ஆளுக்கு இதெல்லாம் இன்னாத்துக்குப் புரியப் போவுது?"

"டேய், சாப்பிட வந்த எடத்துல..." என்றாள் மனைவி.

எனக்கும் கோபம் வந்தது. விமானம் இறங்கிய நேரம், சாலையில் ஆகும் நேரம், பொழுது சாய்ந்த நேரம், எல்லாவற்றையும் பத்தொன்பது ஆண்டுகளாகச் சொல்லி வந்த அதே வரிசையில் சொன்னேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"கணக்கு சரிதான் மாமா. ஒண்ணு மட்டும் வுட்டுட்டியே. ஐஸ் பொட்டி எப்போ வரைக்கும்?"

நான் ஆலிவ் கொட்டைகளை மறுபடியும் எண்ணினேன்.

"பொட்டி குடுத்தவன் என்கூட ஏழாங்கிளாஸ் படிச்சவன். எனக்கு அப்பவே தெரியும். அக்காகிட்ட நான் சொல்லல. நீ சொல்லணும்னு வுட்டேன். சொல்லு, எப்போ வரைக்கும்?"

மனைவி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் சந்தேகம்கூட இல்லை. 'ஆறு மணி' என்று நான் சொல்லப்போவதைக் கேட்கத் தயாராக இருந்தாள். இரண்டே சொல். ஏற்கெனவே நூறு முறை சொன்ன சொல். தம்பியின் முகத்துக்கு நேராக வைத்து அவளை இன்னொரு முறை எனக்குச் சாட்சியாக்க அன்று என்னால் முடியவில்லை.

"மறுநாள் காலை ஒன்பது வரைக்கும்," என்றேன்.

பக்கத்து மேசைக்காரர்கள் எதற்கோ சிரித்தார்கள். ஏன் பொய் சொன்னேன் என்று மனைவி கேட்டாள். இருந்ததைச் சொன்னேன். அன்று சாவு வீட்டில் நாற்பத்துமூன்று பேர், வீட்டுத் தொட்டியில் கால் பங்கு தண்ணீர், மறுநாள் காலை எனக்கு வேலை. இன்னொரு ராத்திரி அந்தக் கூட்டத்தோடு கிடக்க எனக்குப் பொறுமை இல்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவனுக்காக ஊரே காத்திருக்க வேண்டுமா என்ற எரிச்சலும் இருந்தது. அந்த எரிச்சல் தவறு என்று எனக்கு இன்றும் முழுதாகத் தோன்றவில்லை. பொய் தவறு. அதை ஒப்புக்கொள்கிறேன்.

அவள் அழவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

"தம்பி, அவரு தட்ட எடுத்துடு," என்றாள்.

அவன் எடுத்தான். அதில் அவனுக்குச் சந்தோஷம் இருந்ததாகச் சொல்ல முடியாது. மீன் அப்படியே இருந்தது, ஒரு வாய்கூட நான் வைக்கவில்லை. எழுந்து நூற்றுப்பன்னிரண்டு அடி நடந்து காரில் போய் உட்கார்ந்தேன். ஒரு மணி ஐம்பது நிமிடம் கழித்து அவள் வந்தாள். கையில் எண்ணெய் மணம் இருந்தது. செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும், "மாசா மாசம் கூட்டிகினு போ. நீ உள்ள வராத," என்றாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை அவள் 'நீ' என்றதில்லை.

மச்சினனும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான், மூன்று முறை. அவன் வரும் நாட்களில் நான் நூலகத்துக்குப் போய்விட வேண்டும். அவள் கேட்டது அவளுக்குக் கிடைத்துவிட்டது. கதவுக்கு எந்தப் பக்கம் நான் நிற்பேன் என்பதை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு நான் ஓட்டுகிறேன், அவள் உள்ளே போகிறாள், நான் தோப்பில் காருக்குள் இருக்கிறேன். சவுக்கு நிழல் நிழலே அல்ல, ஊசி ஊசியாக வெயில் இறங்கும். மாமியாரின் உடலை வைத்திருக்க அன்று எனக்கு மிச்சம் இருந்தது, நான் பொய்யாகச் சொன்ன ஆறு மணியிலிருந்து மறுநாள் ஒன்பது வரை, பதினைந்து மணி நேரம். காத்திருக்கும் நேரத்தை நான் முதல் நாளிலிருந்தே கூட்டி வருகிறேன். சென்ற ஞாயிறு ஒன்பதாவது முறை, அன்றோடு பதினைந்து தாண்டிவிட்டது. அவளிடம் அதைச் சொல்லலாம் என்று இருந்தேன். அவள் வந்து பின் இருக்கையில் ஏறி, கதவைச் சாத்தி, "எடு வண்டிய" என்றாள்.