ஃபைலகா கரையில் மூன்று அடுப்புக்கற்கள்

பிப்ரவரி 2004, காலை 8.30. குவைத்தின் சால்மியாத் துறையிலிருந்து படகு கிளம்பியது. போகவர இரண்டரை தினார். இருபது கிலோமீட்டர் தள்ளி ஃபைலகா தீவு. 1990இல் ஈராக் படை தீவு மக்களை வெளியேற்றிக் கரையில் கண்ணிவெடி புதைத்தது. மக்கள் பிறகு குடியேறவில்லை. அடுத்த ஈராக் போருக்கு முன், கப்பலிலிருந்து கரையேறித் தாக்க அமெரிக்கப் படையினர் இங்கே பழகினார்கள். அந்த இடத்தைப் பார்க்கத்தான் போனேன்.

10.15. பிக்கப்புடன் காத்திருந்தவர் கருப்பையா, பரமக்குடிக்காரர். தீவில் வேலி போடும் ஒப்பந்தக்காரரின் ஓட்டுநர். தீவின் ஆளில்லாத ஊரில் எல்லாச் சுவரிலும் குண்டுத் துளைகள். ஒரு பள்ளியில் கரும்பலகை அப்படியே இருந்தது. காற்றில் ஒரு கதவு மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது.

10.50. கரைக்குப் போகும் மண்தடம். ஓரத்தில் இரண்டு தப்படிக்கு ஒரு கல். ஒவ்வொரு கல்லிலும் வெள்ளை பூசிய பக்கம் நடக்கலாம்; சிவப்புப் பக்கம் இன்னும் வெடி எடுக்காத நிலம். தூரத்தில் பலகையால் செய்த வீட்டு முகப்புகள் தெரிந்தன. பின்னால் அறை கிடையாது. படையினர் நுழைந்து பழகியவை.

வளைவில் கருப்பையா பிரேக் போட்டார். அங்கே மூன்று கற்கள் கறுப்பாக இருந்தன.

"பொங்கலுக்கு அடுப்புக் கூட்ட எடுத்த கல்லு சார். மறுநா என் மச்சினன் செல்வம் திருப்பிப் போட்டுட்டான்."

அருகிலிருந்த கல்லைத் துணியால் தேய்த்தார். கரியோடு பெயிண்டும் உரிந்தது. தடத்தை மணல் மூடியிருந்தது. எந்தப் பக்கம் நடப்பது?

அப்போதுதான் எதிரே, வளைவுக்கு அந்தப் பக்கம், செல்வம் கரையிலிருந்து நடந்து திரும்பி வந்தார்.

"மாப்ள, நில்லு! காலையில எந்தப் பக்கமா போன?"

"தெரியல மச்சான். அக்காகூட போன்ல பேசிக்கிட்டே போனேன்."

"ஒங்கக்கா தாலிய மட்டுமில்ல, ஒன் உசுரயும் நான்தான் காக்கணுமாடா?"

செல்வம் சிரிக்கவில்லை. கால்தடத்தைத் தேடினார். காற்று அழித்திருந்தது. அங்கேயே குந்தினார். ஊர்ப் பக்கம் அந்தக் கதவு அடிக்கும் சத்தம் இங்கே வரை கேட்டது.

பத்து நிமிடம் கழித்து எழுந்தார். "மச்சான், இந்தக் கல்ல நான் எறங்கி வைக்கல. வண்டி மேல நின்னு தொப்புனு போட்டேன். அப்ப வெடிக்கல."

"அதனால?"

"கல்லு விழுந்த எடம் மட்டும் நமக்குத் தெரியும்."

முதல் கல்லின் மேல் கால் வைத்தார். அது ஆடியது. இரண்டாவது. கருப்பையா கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது கல்லிலிருந்து தாவி வந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார் செல்வம்.

"அடுத்த பொங்கலுக்கு கேஸ் அடுப்புதாண்டா," என்றார் கருப்பையா.

கரைவரை நான் போகவில்லை. வண்டி வந்த தடத்திலேயே பின்னோக்கி நகர்ந்தது.

மாலை 3.30. சால்மியா. படகிலிருந்து எல்லோரும் முண்டியடித்து இறங்கினார்கள். சிமெண்டுத் தரைதான், ஆயிரம் பேர் நடப்பது. எனக்கு முன்னால் போனவர் காலெடுக்கும்வரை காத்திருந்து, அந்த இடத்தில் என் காலை வைத்தேன்.