அலை அரித்த தோப்பு

எங்கள் ஊர்க் குளத்தின் பழைய சாட்டிலைட் படத்தைத் திறந்ததும், ஊறிய தென்னை மட்டையின் நாற்றம் மூக்கில் ஏறியது. சூலூர்ப் பக்கம், என் சின்ன வயதில், கோடையில் குளம் வற்ற வற்றப் பெரியப்பா தண்ணீரோரம் மட்டையும் செம்மண்ணும் கொட்டித் தென்னங்கன்று நடுவார். கேட்டவர்களிடம் மகா பணிவு: “அலை நம்ம நெலத்தை அரிச்சுப்போடுதுங்க. கரையைக் காப்பாத்தறேனுங்க.”

முழங்கால் தண்ணீரில் அலையாம்!

இப்போது அதிகாரிகள் குளத்தை அளக்க வருகிறார்கள். குளம் நிலத்தைத் தின்றதற்குச் சாட்சியாக என்னிடமே படம் கேட்டார் பெரியப்பா, வெட்கங்கெட்ட மனிதர். பழையதில் தொடங்கி வருடவாரியாக அனுப்பினேன். படத்துக்குப் படம் குளம் சுருங்கியது, அவர் தோப்பு வளர்ந்தது.

உடனே போன் வந்தது. “படமெல்லாம் சரிதான் கண்ணு. வரிசையைத்தான் மாத்தி வெச்சுப்போட்டே. கடைசிப் படத்தை மொதல்ல வெச்சுக் குடு.”