காகிதத்தில் இல்லாத முடிவு

புருஷன் பெண்டாட்டிச் சண்டைக் கதைகள் என்றாலே எனக்கு ஆகாது.

இன்று சாமராஜநகர் ரயிலில் எதிரே இருந்த பெண் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையை நீட்டினாள்.

"நேக்குக் கன்னட எழுத்துதான் வரும் மாமி. இந்தக் கதையைப் படிங்கோளேன்."

வேண்டா வெறுப்பாக உரக்கப் படித்தேன். புருஷன் அடித்ததால் பிறந்தகம் போனவள் மனமிளகித் திரும்புகிறாள். கடைசிப் பத்திக்கு என் கண் முந்திக்கொண்டு ஓடியது; அதில் அவள் கிணற்றில் பிணமாகக் கிடக்கிறாள்.

நிமிர்ந்தேன். கேட்டுக்கொண்டிருந்தவள் கன்னத்தில் காயம். அந்த முடிவை வாய்விட்டுப் படிக்க மனம் வரவில்லை. "புருஷன் திருந்தி, அழுது, அவளை உள்ளே அழைத்தான்" என்று இல்லாததைப் படித்தேன்.

நஞ்சன்கூடு வந்தது. அவள் மூட்டையை எடுத்தாள்.

"அவர் அடிச்சதுல நாலு நாள் சிநேகிதி ஆத்துல இருந்துட்டு, சாமராஜநகர் அண்ணா ஆத்துக்குத்தான் கிளம்பினேன் மாமி. எங்காத்துக்காரர் இந்த ஊர்தான். அவரும் திருந்தியிருப்பார்."

இறங்கிப் போய்விட்டாள்.

கதை எழுதியவர் காகிதப் பெண்ணைத்தான் கொன்றார். நான் என்ன செய்தேன், யாராவது சொல்லுங்களேன்.